காயாத பை

“போன வெள்ளத்தில இந்தப் பைக்குள்ள செத்தது ஆர் எண்டு சொல்லுங்கோ, அண்ணை.”

வேலைக்குச் சேர்ந்த அன்றே களஞ்சியப் பொறுப்பாளர் முத்துலிங்கம் சொல்லியிருந்தார்: பையைத் துடை, காயப்போடு, கிழிசலுக்கு ரேப் ஒட்டு, ஆர் படுத்தது எண்டு மட்டும் கேக்காத. ஜெயரூபி கேட்டுவிட்டாள்.

கேட்க வைத்தது ஈரம். வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் குளிருக்கு நுழைந்து படுக்கும் அந்த மெல்லிய வெள்ளித்தாள் பைகளை உட்புறம் வெளியே வரப் புரட்டி, மூச்சுப் பட்டுப் படிந்த நீரைத் துடைத்து, பழைய மடிப்பிலேயே மடித்தால் வெடித்துவிடும் என்பதால் தளரச் சுருட்டி வைப்பது அவள் வேலை. மற்றவை காய்ந்து முகாமுக்குப் போய்விட்டன. இது மட்டும், காலையில் துடைத்தது, மத்தியானம் உள்ளே கையை விட்டுப் பார்த்தபோது நனைந்திருந்தது. இளஞ்சூடு. ஊறின தலைமயிரின் வாடை, அதற்கடியில் இரத்த வாடை. ஒட்டுநாடா ஒட்டிய கிழிசல்கள் எல்லாம் உள்ளிருந்து நகத்தால் கீறியவை.

“கம்பஸில படிக்கப் போனா வாய் நீளுது,” என்றார் முத்துலிங்கம். “விமலேஸ்வரி. கொக்கிளாய்ப் பெட்டை. புருசன் பை வாய்க் கயித்தை வெளியால இறுக்கிக் கட்டிப்போட்டு உதைச்சவன்.”

“அண்டைக்கு நீங்கள்தானே முகாமுக்கும் பொறுப்பு. அவா கத்தேல்லையோ?”

“கத்தினவாதான். புருசன் பெண்சாதிக் கதை. எங்களுக்கென்ன?”

“செத்த ஆள் கிடந்த பாயை எரிக்கிறனாங்கள். இதை ஏன் வச்சிருக்கிறியள்?”

“பாயே இது? வெளிநாட்டுச் சாமான். துடைச்சா இன்னும் பத்து வெள்ளம் தாங்கும். பள்ளிக்கூட முகாமில கிருசாந்தி வயித்துப் பிள்ளையோட நடுங்குது. வேற பை இல்லை. கொண்டுபோய்க் குடு.”

“குடுக்கமாட்டன்.”

“ஈரமெண்டு சும்மா கதை. பார்.” கையை உள்ளே விட்டார்.

தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. அதற்குள்ளும் வெள்ளித்தாளின் சரசரப்புக் கேட்டது. பை உப்பியது. அமுங்கியது. மறுபடி உப்பியது.

பை வாய்க் கயிறு இறுகியது. யாரும் இழுக்கவில்லை.

அவர் முழங்கை உள்ளே போனது. தோள். எலும்பு முறிந்த சத்தம். பிறகு தலை.

“பிள்ளை… கயித்தை அவிழ்…”

அவள் கை கயிறுவரை போய் நின்றது. அவிழ்த்தால் இவர் எழும்புவார். பையைத் துடைப்பார். கிருசாந்திக்குக் கொடுப்பார்.

வெள்ளித்தாளில் அவர் முகம் அச்சாகப் புடைத்தது. வாய் பிளந்திருந்தது. அந்த வாய்க்குள், தாளுக்கு அடியில், ஒரு பெண்ணின் பத்து விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தாடை விரிந்தது. இன்னும் விரிந்தது. ஒட்டுநாடா ஓரங்களால் சிவப்புக் கசிந்தது.

ஜெயரூபி மேசையில் கிடந்த தன் போர்வையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினாள். கிருசாந்திக்கு இது போதும். வெளியே வந்தாள். கதவுக் கொண்டியைப் போட்டாள். உள்ளே உதைக்கும் சத்தம், நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. மழைக்குள் இறங்கிப் பள்ளிக்கூடப் பக்கம் நடந்தாள்.