தெர்மாகோலைப் பிடித்திருந்த கை

சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பச்சமுத்துவின் வீட்டை யாழினி கண்டுபிடித்தபோது மாலை நான்கு மணி. நாமக்கல்லில் ஸ்டூடியோ வைக்க வசதியில்லாமல், வீடுகளுக்கே போய்ப் படம் எடுத்துக் கொடுப்பவள் அவள். பழைய கேமரா, நிழலை நீக்க ஒரு தெர்மாகோல் அட்டை, வெயிலை வடிகட்ட ஒரு வெள்ளை வேட்டி. அவளுடைய சாமான்கள் அவ்வளவுதான்.

"வா சாமி," என்றார் பச்சமுத்து. "ஜாதகத்தோட வெச்சு அனுப்பறதுக்கு ஒரே ஒரு படம். மொகம் பளிச்சுன்னு தெரியோணும். புள்ள சிரிச்சே ரெண்டு வருசமாச்சு."

அவர் மகள் மஞ்சுளாவுக்கு முப்பது வயது. போர்வெல் லாரியில் வேலை பார்த்த அவள் கணவன் வேல்முருகன், வடக்கே எங்கோ ஒரு விபத்தில் இறந்துபோயிருந்தான். இப்போது அவளுக்கு மறுமணம் பேசுகிறார்கள்.

காப்பிக்குப் பால் வாங்கப் பச்சமுத்து வெளியே போனார். யாழினி மேற்கு ஜன்னலில் வேட்டியைக் கட்டினாள். முரட்டு வெயில் பால்போல அறைக்குள் இறங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்த மஞ்சுளாவின் ஒரு கன்னம் ஒளிர்ந்தது. மறு கன்னம் இருண்டு கிடந்தது. யாழினி இருண்ட பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் தெர்மாகோலைச் சாய்த்து வைத்தாள்.

அது சரிந்து விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

மூன்றாம் முறை வைத்துவிட்டுக் கேமராவுக்குத் திரும்பும்போது, தெர்மாகோல் எதிலோ உரசுவதுபோல் ஒரு சத்தம்.

கிரீச்.

அட்டை விழவில்லை. மஞ்சுளாவை நோக்கி மெல்லத் திரும்பியிருந்தது. அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை மறைந்துவிட்டது.

"காத்தடிக்குதுங்களா?" என்று யாழினி கேட்டாள்.

"இல்லீங்களே."

மின்விசிறி ஓடவில்லை. அறையில் டீசலும் ஈரக் கல்தூளும் கலந்த வாடை லேசாக எழுந்தது. யாழினி கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

"கொஞ்சம் சிரிங்க."

மஞ்சுளா சிரித்தாள். அழகான சிரிப்பு. ஏன் சிரித்தோம் என்று அவளே திகைத்ததுபோல் உடனே அது அணைந்தது. அதற்குள் யாழினி படத்தை எடுத்துவிட்டாள்.

கண்கள் துல்லியமாக வந்திருக்கின்றனவா என்று பார்க்க, யாழினி கேமராவின் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். கருவிழியில் ஜன்னல் ஒரு வெள்ளைச் சதுரமாக மின்னியது. அதன் பக்கத்தில் தெர்மாகோல், இன்னொரு சின்ன வெள்ளை. அதன் விளிம்பில் ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது.

இன்னும் பெரிதாக்கினாள்.

விரல்கள்.

நான்கு விரல்கள் அட்டையை வளைத்துப் பிடித்திருந்தன. அவற்றில் ஒன்று பாதிதான் இருந்தது.

யாழினி நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலி. தெர்மாகோல். வேறு யாருமில்லை.

"உங்க ஊட்டுக்காரருக்கு..." என்று இழுத்தாள். "விரல்ல ஏதாச்சும்?"

"மோதிர விரலு பாதி இல்லீங்க. பைப்பு மாத்தறப்ப போயிருச்சு." மஞ்சுளா அவளை உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க கேக்கறீங்க?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாழினியின் கை தானாகக் கேமராவை நீட்டியது.

மஞ்சுளா வெகுநேரம் பார்த்தாள். அலறவில்லை, அழவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் யாழினியின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"அப்பாவுக்குக் குடுக்கறதுல இத அழிச்சிருங்க," என்று கிசுகிசுத்தாள். "எனக்கு மட்டும் இப்படியே அனுப்புங்க."

யாழினி அப்படியே செய்தாள். விரல்களை அழித்த படம் பச்சமுத்துவுக்குப் போனது. அழிக்காத படத்தை அனுப்பும்போது மட்டும் அவள் விரல் கொஞ்சம் தயங்கியது. செத்துப்போனவனைப் பார்க்க ஆசைப்படுகிறாள், அதை நாம் ஏன் தடுக்க வேண்டும் என்று எண்ணி அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்துப் பச்சமுத்துவிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள ஊட்டுக்காரங்களுக்குப் புடிச்சுப்போச்சு சாமி. புள்ளதான் மாட்டேங்குது. சோறு தண்ணி இல்லாம அந்த ரூமே கதின்னு கெடக்குது. உன்ற பேச்சக் கேக்குமோ என்னமோ, ஒரு எட்டு வந்துட்டுப் போ."

இது தன்னால் வந்தது என்று யாழினிக்குத் தெரியும். நேரில் பேசி, அந்தப் படத்தை மஞ்சுளாவின் கையாலேயே அழிக்க வைத்துவிட வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு அன்றே கிளம்பினாள்.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஜன்னலோரம் அதே இடத்தில் மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, பாதியாய் இளைத்திருந்தாள். தலை நிறையப் பூ வைத்திருந்தாள். வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து மட்டும்தான் வந்தது. எதிரே நாற்காலியோ தெர்மாகோலோ இல்லை, வெறும் சுவர்தான். அவள் முகத்தின் இரு பாதியும் ஒன்றுபோல் ஒளிர்ந்தன.

யாழினி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

மஞ்சுளா அவளைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்லக் கேட்டாள்.

"கை வலிக்குதுங்களா?"

பதிலுக்குக் காத்திருந்தாள்.

பிறகு, "சரிங்க," என்று சொல்லி முகவாயைச் சற்றே உயர்த்திக்கொண்டாள்.