கிழிக்காத தாள்

ஞாயிறு மதியம் மூன்றாகக் கால் மணி இருக்கும்போது, கணக்கு வாத்தியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி மருந்துக்கடைக்காரி படியேறினாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. கீழேயிருந்து பஞ்சர் பசையின் நெடி வந்தது. கதவைத் திறந்ததும் வேறொரு வாசனை. யாரோ இப்போதுதான் அழிரப்பரால் எதையோ தேய்த்து அழித்த மாதிரி.

அறை ஒரு வாரமாகப் பூட்டிக் கிடந்தது.

ஆட்டம் அவள் தம்பி உண்டாக்கியது. அவன், அவள், வாத்தியார், ஒரு பஸ் டிரைவர் என்று நாலு பேர், நாலு மந்திரவாதிகள், ஒரு சபை; ஆளுக்கொரு தாள், அதில் அவரவர் உயிர்ப்புள்ளி. ஞாயிறுதோறும் மூன்று மணிக்குப் பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். மற்ற ஆட்டங்களில் மந்திரவாதிகள் ஒருவர் காலை ஒருவர் வாருவார்கள். அவன் சபையில் அது நடக்காது. ஒருவன் விழுந்தால், சுற்றுக்குச் சுற்று மற்றவர்களின் உயிர்ப்புள்ளியில் ஆளுக்கொன்று அவன் தாளுக்குப் போகும். இனி அவன் எழ மாட்டான் என்றால், இருவராவது சேர்ந்து அவன் தாளைக் கிழிக்க வேண்டும். அதுவரை அவன் செத்தவனில்லை. தங்கமான பிள்ளை, விதி எழுதும்போதுகூட யாரையும் கைவிடத் தெரியவில்லை.

காய்ச்சலில் அவனே போய்ச் சேர்ந்தபோது, அவன் தாளைக் கிழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. மேஜையிலேயே விட்டுவிட்டார்கள்.

அடுத்து வந்த ஞாயிறிலிருந்து, வாரம் ஒன்றாக, மற்ற மூவர் தாளிலும் எண்கள் தாமாகவே குறைந்து அவன் தாளில் ஏறின. கூடவே உடம்பும் தேய்ந்தது. போன ஞாயிறு பஸ் டிரைவரின் தாள் பூஜ்ஜியத்தைத் தொட்டது. அதே நேரத்தில் சாலையில் அவர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டீயரிங் மேலேயே தலை சாய்த்தார்.

இப்போது தம்பியின் தாளில் இருபத்தேழு. வாத்தியாருக்கு ஒன்று. அவளுக்கும் ஒன்று.

"இன்னொரு சுற்று தாங்காதும்மா. கிழிச்சிடலாம்," என்றார் வாத்தியார்.

"என் கையாலயா சார்?"

"வேற யாரு இருக்கா?"

ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். தாள் சுட்டது. கடைசி நாட்களில் அவன் நெற்றி சுட்ட அதே சூடு.

"அக்கா..."

காதோரம், கெஞ்சலாக.

"வேணாங்க்கா."

அவள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே இழுத்தாள். தாள் இரண்டானது.

சூடு அடங்கியது. வாத்தியாரின் வெளுத்த முகத்தில் ரத்தக்களை திரும்பியது. "முடிஞ்சுதும்மா," என்று சிரித்தார். ஒன்பது வாரத்தில் முதல் முறையாக அவளும் நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

கடிகாரம் மூன்றடித்தது.

மேஜையின் மறுபக்கம் கரகரவென்று ஒரு சத்தம்.

டிரைவரின் தாள். அவருக்காக அழுதார்களே தவிர, அவருடையதையும் கிழிக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவேயில்லை.

பூஜ்ஜியம் அழிந்து, அந்த இடத்தில் வாத்தியாரின் ஒன்று விழுந்தது.

வாத்தியாரின் தலை மெல்ல மேஜைமேல் சாய்ந்தது. சிரிப்பு மட்டும் கலையவில்லை.

அவள் பாய்ந்து டிரைவரின் தாளை இழுத்தாள். தகரம்போல் விறைத்து நின்றது. வாத்தியாரின் கையைத் தூக்கி அதன்மேல் வைத்து, தன் கையால் அழுத்தி, மறுபடி இழுத்தாள். அந்தக் கை நழுவி விழுந்தது.

"நானா எடுக்கலம்மா," என்றது டிரைவரின் குரல், மிகவும் வருத்தமாக.

அவள் தாளில் இருந்த ஒன்று, தலைப்பக்கத்திலிருந்து அழியத் தொடங்கியது.