ஊதாத மூட்டை

"ஐயோ... ஸ்டோர்கீப்பர்!"

அலறல் கேட்டு ஓடி வந்தாள் கெமிஸ்ட். தொழிற்சாலைக் கிடங்கில் மக்னீசியா பவுடர் மூட்டைகள் சரிந்து கிடந்தன. அடியில் ஒரு கை மட்டும் தெரிந்தது.

ஸ்டோர்கீப்பரான அவளுடைய சித்தப்பாவின் கை!

மத்தியானத்துக்குள் இன்ஸ்பெக்டர் நோட்டை மூடத் தயாராகிவிட்டார்.

"விபத்துதான் சார்," என்றார் மானேஜர். "உலைக்கு உள்பக்கம் பூசுற பவுடர் இது. ஈரம் பட்டா ஊதும். ஜன்னலைத் தொறந்து போட்டுட்டார். சாரல்ல மூட்டை ஊதி வெடிச்சு, அவர் மேலயே சரிஞ்சிருச்சு. சுத்தமான பவுடர் இப்படித்தான் ஊதும்னு எழுதினதே இந்தப் பொண்ணுதான். இதோ ரிப்போர்ட்!"

கெமிஸ்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக அவள் கரடியாகக் கத்தியும் பிரித்துக்கூடப் பார்க்காத ரிப்போர்ட்!

"சித்தப்பா ஜன்னலைத் தொறந்து போடுற ஆளே இல்ல சார். இந்தப் பவுடரை ஒரு தடவை சோதிச்சுப் பாக்கறேன்."

"எழுதினதே நீங்கதானேம்மா... மறுபடி எதுக்கு?"

"பழி செத்தவர் மேல விழுதே சார்!"

இன்ஸ்பெக்டர் வாட்ச்சைப் பார்த்தார். "அஞ்சு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

சரிந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி, எடை போட்டு, நீராவிப் பெட்டிக்குள் வைத்தாள். பிரஷர் குக்கருக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு பெட்டி.

ஃபியூஸ் போனது!

மாற்றினாள். மூடி ஒழுகியது. எட்டி உதைத்தாள். கால்தான் வலித்தது.

ஒருவழியாக வெளியே எடுத்து மறுபடி எடை போட்டால்... முள் பழைய எடையைத் தாண்டி அசையவே இல்லை. துளிகூட ஈரம் குடிக்கவில்லை!

"சனியனே... இன்னைக்குன்னு பாத்து நீயும் கழுத்தறுக்கறியா?"

அழுகை முட்டியது. பழைய சாம்பிள் பாட்டிலை எரிச்சலோடு தள்ளப் போனவள், அப்படியே நின்றாள்.

பழையது வெள்ளை. இது... பழுப்பு!

சரியாக ஐந்து மணி.

"சார், இந்தப் பவுடர் ஊதவே இல்ல."

மானேஜர் துள்ளி எழுந்தார். "மட்டமான பவுடர் ஊதாதுன்னு உன் ரிப்போர்ட்ல எங்கயுமே இல்லையே!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "மட்டமான பவுடர்னு இங்க யார் சார் சொன்னா?"

மானேஜரின் முகம் வெளிறியது.

"சுண்ணாம்பு கலந்தா இன்னும் சீக்கிரம் ஊதும் சார்," கெமிஸ்ட் பழுப்புப் பவுடரை நீட்டினாள். "இது ஊதல, பழுப்பா வேற இருக்கு. அப்போ இதுல இருக்கறது மணலும் இரும்பும். சூளைல சுடும்போது துகளைச் சுத்திப் போர்வை மாதிரி மூடிக்கும். தண்ணி உள்ள போகாது. ஆனா உலைச் சூட்டுல உருகிடும். மானேஜர் நல்லதை வித்துட்டு இதை ரொப்பியிருக்கார். நெறத்தைப் பாத்து சித்தப்பா கேட்டிருப்பார். ஊதாத மூட்டை எப்படி சார் தானா சரியும்? தள்ளிவிட்டாதான் சரியும்!"

வாசலுக்குப் பாய்ந்தார் மானேஜர். கான்ஸ்டபிள் குறுக்கே நின்றார்.

கெமிஸ்ட் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பழி போய்விட்டது. சித்தப்பா வரப்போவதில்லை.

விலங்கைப் பூட்டிய இன்ஸ்பெக்டர் உச்சுக்கொட்டினார்.

"மணலுக்குப் பதிலா சுண்ணாம்பைக் கலந்திருந்தா தப்பிச்சிருப்பீங்களே சார்!"