நல்ல நேரத்தில் போட்ட இன்வெர்ட்டர்

“அக்கா, பேட்டரி வர்ற வரைக்கும் இத ஆன் பண்ணாதீங்க. சும்மா கீ கீன்னு கத்தும். உள்ள போர்டு போனாலும் போயிடும்.”

“என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது மோசஸ்? உள்ள ஒரு மகாராணி காலண்டர வச்சிக்கினு உக்காந்துனு கீறாங்க. அங்க போய்ச் சொல்லு.”

“எனுக்கு இன்னாத்துக்குக்கா வம்பு?”

மெக்கானிக் மோசஸ் சிரித்துக்கொண்டே பழைய பேட்டரியை மொபெட்டில் கட்டி எடுத்துப் போனது காலையில். அந்தப் பேச்சு ஈஸ்வரிக்கு இப்போது நினைவுக்கு வந்ததற்கு ஒரே காரணம்தான். இவ்வளவு நேரமும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த இன்வெர்ட்டர், சத்தத்தை நிறுத்தியிருந்தது.

புதுப் பேட்டரி திருவள்ளூரிலிருந்து வேனில் வர மதியமாகும் என்றார்கள். மாமியார் சின்னப்பொண்ணுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? நல்ல நேரம் முடிவதற்குள் புது இன்வெர்ட்டர் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, பூ சுற்றி, கற்பூரம் காட்டி, சுவிட்சைப் போட்டேவிட்டாள்.

“பேட்டரியே இல்லாத பொட்டிக்கு நல்ல நேரமா? மாப்ள வராமயே தாலி கட்டுற கதையா கீது,” என்று ஈஸ்வரி உதட்டைச் சுழித்தாள்.

“உன்னக் கூட்டியாந்தப்ப நேரம் பாக்கல. அதாண்டி எம் புள்ள இப்டிப் படுத்துனு கெடக்கறான்,” என்றாள் சின்னப்பொண்ணு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்தப் பிள்ளை மோகன்ராஜ், ஈஸ்வரியின் கணவன், உள்ளறையில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். கும்மிடிப்பூண்டி வார்ப்பட ஆலை ஒன்றின் தூசி அவன் நுரையீரலைத் தின்று தீர்த்திருந்தது. கட்டிலருகே இருக்கும் ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவனுக்கு மூச்சு. அது நின்றால் சில நிமிடங்கள் தாங்குவான். அதற்குமேல் டாக்டரே கையை விரித்துவிட்டார். அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டரும் காலி.

மதியத்துக்குமேல் கடல் பக்கமிருந்து மழை திரண்டு வந்தது. நான்கு மணிக்கே தெரு, கரி பூசினாற்போல் இருண்டுவிட்டது. அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த ஈஸ்வரிக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு டிவி பாதி வசனத்தில் அறுந்தது. எதிர் வீட்டு மிக்சி நின்றது. அப்போதுதான் இன்வெர்ட்டரின் கத்தலும் அடங்கியது. கரண்டியைப் போட்டுவிட்டு அவள் உள்ளறைக்கு ஓடினாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புஸ்... புஸ்... மோகன்ராஜ் தூங்கிக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் மின்விசிறிகூடச் சுற்றியது.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. கிழவி ஜெயித்துவிட்டாளே! இதை வைத்தே இனி வருஷக்கணக்கில் குத்திக்காட்டுவாள்.

கைப்பேசி அடித்தது. மோசஸ்.

“அக்கா, வேன் பெரியபாளையத்தாண்ட மாட்டிக்கிச்சு. ரோடெல்லாம் தண்ணி. கரண்ட் கீதா?”

“கரண்ட் பூட்ச்சு. ஆனா மெஷின் ஓடுது. நீ பெருசா பயமுறுத்தினியே, உன் வேலையோட லட்சணம் இதானா?”

மழைச் சத்தத்துக்கு மேல் மோசஸ் குரலை உயர்த்தினான்.

“எப்டிக்கா ஓடும்? கரண்ட்டும் இல்ல, பேட்டரியும் இல்ல. அது வெறும் பொட்டிக்கா.”

“அப்ப பொட்டிய ஏமாத்தி வித்துட்டேன்னு சொல்லு,” என்று சொல்லும்போதே இணைப்பு அறுந்துபோனது.

அவள் விளக்கைப் பார்த்தாள். அது மங்கியது. பிறகு மெல்லப் பிரகாசமானது. மறுபடி மங்கியது. விசிறியும் அதே தாளத்தில் தளர்ந்து, அதே தாளத்தில் வேகமெடுத்தது. யாரோ பாரம் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்குவது போல. எங்கிருந்தோ கற்பூரப் புகையும், முடி கருகினால் வருமே, அந்த நாற்றமும் வந்தது.

“அத்தே!”

வேண்டாதபோது காது செவிடாவது அவளுக்கு வழக்கம்தான் என்று ஈஸ்வரி முணுமுணுத்தாள். முணுமுணுத்த குரல் அவளுக்கே மெலிந்து கேட்டது.

இன்வெர்ட்டர் இருந்தது மாடிப்படிக்குக் கீழே, வெளிச்சம் எட்டாத மூலையில். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தரை சில்லிட்டிருந்தது. பெட்டியின் சின்னப் பச்சை விளக்கு தெரிந்தது. அதன் கீழே, பேட்டரி வைக்கும் இடத்தில், ஏதோ குந்தியிருந்தது.

சின்னப்பொண்ணு.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நரைமுடி மொத்தமும் மேலே எழும்பி நின்றது.

“இங்க இன்னா பண்ணினுகீறீங்க?”

அசையவில்லை. ஈஸ்வரி தோளைத் தொட்டாள். பனிக்கட்டி. எட்டிப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. மூக்கில் மூச்சில்லை. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை.

பெட்டியிலிருந்து தொங்கிய சிவப்பு வயர் வலது கையில். கறுப்பு வயர் இடது கையில். முனைகள் உள்ளங்கைக்குள் புதைந்திருந்தன. கிழவியின் விரல்கள் மூடியிருந்தன.

ஈஸ்வரி பதறிப்போய்ச் சிவப்பு வயரைப் பிடுங்கினாள்.

இருட்டு. மெஷின் நின்றது. உள்ளறையில் மோகன்ராஜ் ஒருமுறை இருமினான். பிறகு, தண்ணீரில் அமிழ்கிறவனைப் போல ஓர் இழுப்பு. இன்னோர் இழுப்பு. கட்டில் கால்கள் தரையில் தடதடத்தன.

என்ன செய்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. வயர் முனையை அந்தக் கிழட்டு உள்ளங்கையில் திரும்ப வைத்து அழுத்தினாள். விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. பச்சை விளக்கு எரிந்தது.

புஸ்... புஸ்...

ஆனால் முன்போல் இல்லை. இடைவெளி நீண்டது. விளக்கு சிவந்து, சுருங்கி, திரிபோல் நடுங்கியது. வாசலில் மழை. வேன் வரவில்லை. உள்ளே மறுபடி இருமல்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த மருமகளிடம் சின்னப்பொண்ணு எதையும் கேட்டதில்லை. முட்டி வீங்கியபோது தைலம் தேய்க்கக் கேட்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்த அன்றுகூட, ‘இவ கையப் புடிச்சா எழுந்திருக்கணும்?’ என்கிற பார்வையோடு, சுவரைப் பற்றித் தானே எழுந்தாள். ஈஸ்வரியும் கை நீட்டவில்லை.

அந்தத் தலை இப்போது திரும்பியது. மெல்ல. எலும்பு நொறுங்கும் சத்தத்தோடு. கண்கள் இமைக்கவில்லை. உதடுகள் அசையவில்லை. கைகள் மட்டும், இரண்டு வயர்களோடும், அவளை நோக்கி நீண்டன.

“கை மரத்துப் போச்சும்மா,” என்றது குரல், வாழ்நாளில் காட்டாத பணிவோடு. “கொஞ்ச நேரம் நீ புடிச்சிக்கிறியா?”