நிகரூரின் குருதிச் சட்டம்

நிகரூரில் எவரும் ஓடுவதில்லை. கடலடிச் செடிகளைப் போல மெல்ல அசைந்தே மக்கள் தெருக்களைக் கடந்தனர். உண்டவர் உண்ட இடத்திலேயே நெடுநேரம் சாய்ந்திருந்தனர். குரல்கள் உயரவில்லை. அந்த மந்தத்தை அமைதி என்று அழைத்தது நகரம்.

அமைதிக்குக் காரணம், ஒவ்வொருவர் தோளெலும்பின் கீழும் பதிக்கப்பட்டிருந்த பங்கீட்டி என்னும் சிறுபொறி. குருதிக் குழாய்களைச் சுருக்கியும் விரித்தும், ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் எடைக்கேற்ப ஒரே விகிதத்தில் குருதியை அது அளந்தது. தலையில் தோன்றியவன் உயர்ந்தவன், காலில் தோன்றியவன் தாழ்ந்தவன் என்று சொல்லி மனிதனை மனிதன் மிதித்த பழைய உலகத்தை எரித்துவிட்டு வந்தவர்கள் இந்நகரத்தை நிறுவினார்கள். இனி உடலுக்குள்ளும் உயர்வு தாழ்வு இராது என்று சூளுரைத்தார்கள். நோக்கத்தில் பழுதில்லை! நலிந்த உறுப்புகளைத் துணைமருந்துகள் தாங்கிக்கொண்டன. குழந்தைகள் கண்ணாடிக் கருப்பைகளில் வளர்ந்தன.

உறுப்புகளின் இசைவைப் பேணும் உடலிசைவு மருத்துவர் நிறைமதி, நகரத்திலேயே முதன்முறையாகத் தன் வயிற்றில் ஒரு கருவைச் சுமந்தாள். அது வளர வேண்டிய அளவு வளரவில்லை. கருப்பை கேட்ட குருதியைப் பங்கீட்டி மறுத்தது. கண்ணாடிக் கருப்பைக்கு மாற்ற இனிக் கருவை வெளியே எடுத்தாலும் பிழைக்காது. பொறியின் விதி நகரம் முழுமைக்கும் ஒன்றே. அதை மாற்றும் உரிமை பேரவைக்கு மட்டுமே இருந்தது. அவள் பேரவைக்கு வந்தாள்.

அவைத்தலைவர் மெய்யரசு அவளைக் கனிவோடுதான் வரவேற்றார். கண்ணாடிக் கருப்பை இருக்க இந்தச் சுமை எதற்கு என்று கேட்டார். அவையில் சிலர் சோம்பலாய்ச் சிரித்தனர். பிறகு அவர் தம் அச்சத்தைச் சொன்னார்.

"இன்னிக்குக் கருப்பை கேக்கும், தோழர். குடுத்துட்டோம்னா நாளைக்கு மூளை வந்து நான்தான் தலைவன்னு நிக்கும். மறுபடியும் அந்த மேல் கீழ் ஏணிதான்."

நிறைமதி தன் உடலின் ஒலிகளை அவையின் ஒலிபெருக்கியோடு இணைத்தாள். மண்டபம் மெல்ல ஓர் உடலாயிற்று. நுரையீரலின் அலை எழுந்து தணிந்தது, இதயம் முழங்கியது, அவற்றின் அடியில் கருவின் மிகச் சிறிய துடிப்பொன்று விரைந்தும் தளர்ந்தும் தடுமாறியது. அது தளரும்போதெல்லாம் இதயம் வேகம் கூட்டியது. மூச்சு ஆழ்ந்தது. கருப்பையை நோக்கிக் குருதி விரையும் ஒலி எழுந்தது. எவரும் ஆணையிடாமல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. உடனே பங்கீட்டி 'டக்' என்று ஒலிக்கும். வந்தது திரும்பிப் போகும். சிறு துடிப்பு மீண்டும் தளரும்.

"கேட்டீங்களா?" என்றாள். "குடுக்கிறது என் இதயம். பிடுங்கிக்கிறது நம்ம சட்டம்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் மெய்யரசின் பக்கம் திரும்பினாள்.

"யாரும் மேல இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா பசியில துடிக்கிறவனுக்கும் சாப்பிட்டுக் கை கழுவினவனுக்கும் ஒரே பிடி சோறுன்னா, அது என்ன நியாயம் தோழர்? மூளை கேட்டா மூளைக்கும் குடுப்போம். வேலை முடிஞ்சதும் அது விட்டுடும். உடம்புல எதுவும் பதுக்கி வச்சுக்கிறதில்ல. பதுக்குறதெல்லாம் நாமதான்."

வாக்கெடுப்பில் மெய்யரசு எதிர்த்தே கை உயர்த்தினார். ஆயினும் தீர்மானம் வென்றது. தேவையுள்ள உறுப்பு பெறுக, தேவை தீர்ந்ததும் விடுக என்ற புதிய விதி, நகரத்தின் எல்லாப் பொறிகளுக்கும் ஒரே நொடியில் சென்றது.

சிறு துடிப்பு நிமிர்ந்தது. கனவிலிருந்து குதிரையொன்று வெளியேறுவதுபோல் அது மண்டபமெங்கும் பாய்ந்தது. சாளரத்துக்கு வெளியே யாரோ ஓடினார்கள். ஓட முடிகிறது என்று கண்டு இன்னும் வேகமாய் ஓடினார்கள். எங்கோ ஒரு தொண்டை உரக்கக் கத்தியது. விழித்த மூளைகள் முதல் வேலையாகக் கணக்குக் கேட்கத் தொடங்கின: ஆளில்லாத மாளிகைக்கும் நெரிசலான குடியிருப்புக்கும் ஒரே அளவு நீரை அளந்து, அதற்கு நீதி என்று பெயர் வைத்தது யார்? கேள்விகள் பேரவையின் படிகளில் ஏறிவந்தன.

மெய்யரசு இருக்கையில் அசையாதிருந்தார். அவர் காதில் அந்தச் சிறு துடிப்பே நிறைந்திருந்தது. உயர்த்திய தம் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கன்னங்களைத் தடவியபடி, அருகில் வந்த நிறைமதியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மூஞ்சியெல்லாம் எரியுது தோழர். பொறி கெட்டுப்போச்சா?"

அவள் அவருடைய சிவந்த முகத்தை உற்றுப் பார்த்தாள், நாடியைத் தொட்டாள்.

"பொறி நல்லாத்தான் இருக்கு. இதுக்குப் பேரு வெட்கம்."

பங்கீட்டி அதையும் ஓர் உயிர்த்தேவை என்றே கணித்திருந்தது.