கண்ணாலை பார், கையாலை தொடாதே

உள்துறைமுகத்தைப் பார்த்து நின்ற அந்த ஓட்டு வீட்டுக்கு நான் முதன்முதல் போனது ஒரு ஷோகேசுக்குக் கண்ணாடி போட. சாக்குச் சுற்றிய கண்ணாடியைச் சைக்கிளில் கட்டி, ஏறி மிதிக்கப் பயந்து, கடைவீதியிலிருந்து உருட்டிக்கொண்டே போனேன். என் பெயர் ஸைனுலாப்தீன். நகரத்தில் படச்சட்டமும் கண்ணாடியும் போடுகிற கடை என்னுடையது. ஆள் கட்டை. என் மனைவி நபீஸா உயரமான செருப்புப் போட்டால் நான் அவளுடைய தம்பி மாதிரி இருப்பதாக ஊரில் கதை. இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்காரி மாகிரட். அவள் கணவன் ஹெக்டர் வெளிநாட்டுக் கப்பலில் வேலை. வருடத்தில் ஒரு தடவை வருவான், வரும்போதெல்லாம் மகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் கொண்டுவருவான். சிங்கப்பூரில் வாங்கிய கார், ஜப்பான் துறையில் வாங்கிய ரயில், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாவி கொடுத்தால் ஓடும் ஒரு தகரக் கப்பல். சிவப்பு வயிறு, வெள்ளைத் தட்டு, இரண்டு புகைக்குழாய். எல்லாம் பெட்டியோடு இருந்தன. பெட்டியின் முகப்பில் சன்னல்போல் வெட்டிக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தார்கள். அதற்குள்ளால் சாமான் தெரியும்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சாமான் பாவிப்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு. பெட்டி குலையாமல் இருந்தால்தான் அதற்கு மரியாதை. அடுத்த வீட்டைச் சொல்வானேன், என் வீட்டிலேயே ஏடனிலிருந்து வந்த தேநீர்க் கோப்பைகள் வைக்கோலோடு அலுமாரியில் இருக்கின்றன. நபீஸாவும் நானும் கைபிடி உடைந்த கோப்பையில் குடித்துக்கொண்டு அவற்றைப் பார்த்து மகிழ்கிறோம். ஆனபடியால் மாகிரட்டை நான் குறை சொல்லவில்லை. கடற்கரை வீடு, உப்புக்காற்று தகரத்தை ஒரு மழைக்குள் தின்றுவிடும். பெட்டிகள் சுவரில் முட்டாமல் அவள் ஒரு கைவிரல் இடைவெளி விட்டிருந்தாள். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கவில்லை. மூலைகளில் பூச்சி உருண்டை, ஈரம் குடிக்க வறுத்த அரிசி முடிந்த துணிப்பொட்டலம், வெயில் பட்டு நிறம் மங்காமல் மத்தியானத்தில் இழுத்துவிட ஒரு திரை. எவ்வளவு பக்குவம்! அவ்வளவும் பிள்ளைமேல் உள்ள ஆசையில்தான் செய்தாள்.

பிள்ளையின் பெயர் செலின். ஆறு வயது இருக்கும். நான் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி முடித்ததும் வந்து முன்னால் நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போனாள். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் புகைத்தது.

"ஏன் புள்ள கையக் கட்டிட்டு நிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"கண்ணாலை பார், கையாலை தொடாதே எண்டு அம்மா சொன்னவ. விரல் பட்டாக் கண்ணாடி பழுதாப்போகும்," என்றாள். பிறகு இரகசியமாக, "கண்ணாடி மாமா, அந்தக் கப்பலுக்குள்ளை எங்கடை அப்பா இருக்கிறாரோ?" என்றாள்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாகிரட் சிரித்தாள். என்னை அவள் அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவாள். "ஒவ்வொரு நாளும் இதே கேள்வி, நானா. எப்ப தருவியள், எப்ப தருவியள் எண்டு உயிரை வாங்குறாள். பெரிசா வளந்தாப் பிறகு தாறன் எண்டு சொல்லியிருக்கிறன்."

"நான் கெதியா வளருவன்," என்றாள் செலின்.

அடுத்த மாரி மழையில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள்.

செய்தி கேட்டு இன்னா லில்லாஹி சொன்னேன், சைக்கிளை எடுத்தேன், பாதி வழியில் திரும்பிவிட்டேன். சின்னச் சவப்பெட்டியைப் பார்க்க எனக்கு மனம் துணியவில்லை. ஹெக்டருக்குத் தந்தி போய்ச் சேர்ந்து அவன் வந்தபோது அடக்கம் முடிந்து வெகுநாள். எல்லாவற்றையும் அள்ளிக் கடலில் போடப் போனானாம், மாகிரட் ஷோகேசுக்கு முன்னால் படுத்துத் தடுத்தாளாம். அவன் திரும்பவும் கப்பல் ஏறினான். அதன்பிறகு அவன் அந்த வீட்டில் தங்கியது குறைவு.

ஆனி மாதம், கச்சான் காற்று எரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மாகிரட் ஆள் அனுப்பினாள். கண்ணாடி ஈரம் பிடிக்கிறதாம், பெட்டிகள் பழுதாகப் போகின்றனவாம்.

வீடு பூட்டிக் கிடந்ததுபோல் இருந்தது. திரை இழுத்த மண்டபத்தில் பூச்சி உருண்டை மணம். வெளியே காகம்கூடக் கத்தவில்லை. கச்சான் காலத்தில் எங்கள் ஊரில் துவைத்த துணி பிழிந்து முடியுமுன் காய்ந்துவிடும். அப்படியான நாளில் கண்ணாடியில் எங்கே ஈரம் வரும்?

ஆனால் இருந்தது. என் இடுப்புக்குச் சற்று மேலே, கப்பலுக்கு நேர் எதிரே, ஒரு சிறிய வட்டமாகப் புகைத்திருந்தது.

ஈரம் உள்ளே தங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். எந்தக் கண்ணாடிக்காரனும் அப்படித்தான் நினைப்பான். கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுத் துணியால் துடைத்தேன். வட்டம் போகவில்லை. துணியும் நனையவில்லை.

வெளிப்பக்கத்தைத் துடைத்தேன்.

போய்விட்டது.

கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். விரலைச் சுட்டது. திரும்பித் துணியை மடிக்கும்போது ஓரக்கண்ணில் ஏதோ மங்கியது.

அதே இடத்தில் வட்டம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது சுருங்கியது. பிறகு விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

மூச்சு.

உள்ளே ஒன்றும் இல்லை. உள்ளே இருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திராது. அது வெளியே, நான் நிற்கும் பக்கத்தில், என் முழங்கைக்குக் கிட்ட நின்றுகொண்டிருந்தது. என் வாய் தானாக ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கியது.

"என்ன நானா? உள்ளுக்கை ஈரம் பிடிச்சிட்டுதோ?" மாகிரட் பின்னால் வந்து நின்றாள்.

"உள்ளுக்கு இல்ல, தங்கச்சி," என்றேன். "வெளியால."

அவள் கிட்ட வந்தாள். வட்டத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் தாழ்த்தி, ஒரு பிள்ளையின் தலையில் வைப்பதுபோல் காற்றில் வைத்தாள். வட்டம் அந்தக் கைக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

"இவ்வளவு உயரம்தான், நானா," என்று மெல்லச் சொன்னாள். "என்ரை பிள்ளை இவ்வளவு உயரம்தான்."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னாள். காய்ச்சலில் கிடந்த பிள்ளை கப்பலைக் கேட்டதாம். மாகிரட் வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனாளாம். கட்டிலருகில் இருந்து கண்ணாடித்தாளுக்குள்ளால் காட்டினாளாம்.

"திறக்கேல்லை, நானா. ஆஸ்பத்திரி வாட்டு முழுக்க அழுக்கு, பழுதாப்போகும் எண்டு நினைச்சன். கண்ணாலை பார் பிள்ளை எண்டன். அவளும் பாத்தாள். கை போர்வைக்குள்ளைதான் இருந்தது, வெளியிலை எடுக்கேல்லை. திருப்பிக் கொண்டுவந்து வைச்சிட்டன்." நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஒருக்கா, ஒரேயொருக்கா கையிலை குடுத்திருந்தா என்ன? என்ரை பிள்ளையை விடவோ அந்தத் தகரம்?"

நானும் அழுதேன், வேறென்ன செய்ய.

அன்றைக்கே அவள் பெட்டியைத் திறந்தாள். கண்ணாடித்தாளைக் கிழித்து, கப்பலை எடுத்துச் சாவி கொடுத்து, ஷோகேசுக்கு முன்னால் சிமெந்து நிலத்தில் வைத்தாள். "விளையாடு, மகள். உடைஞ்சாலும் பரவாயில்லை. அம்மா ஏசமாட்டன்." அது கொஞ்சத் தூரம் ஓடிக் கதிரைக் காலில் முட்டி நின்றது. அப்படியே விடச் சொல்லிவிட்டு நான் வந்துவிட்டேன். அந்த வீட்டுப் படியில் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் கடை திறக்கும்போது மாகிரட் வாசலில் நின்றாள். தலை வாரியிருக்கவில்லை.

"எடுக்கேல்லை, நானா. திருப்பி வைச்சிட்டாள்."

கப்பல் பெட்டிக்குள் இருந்ததாம். கிழித்த கண்ணாடித்தாள் மடிப்புக் கலையாமல் மூடப்பட்டிருந்ததாம். அரிசிப் பொட்டலம் அதன் இடத்தில், பெட்டி சுவரில் முட்டாமல் ஒரு கைவிரல் இடைவெளியில், முகப்பு நேர்முன்னே பார்த்தபடி இருந்ததாம். நித்திரையில் நீயே எழும்பி வைத்திருப்பாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"வளந்தாப் பிறகு தாறன் எண்டு நான்தானே சொன்னனான்," என்றாள். "இன்னும் வளரேல்லை எண்டு நிக்கிறாள். சொல்வழி கேக்கிற பிள்ளை, நானா."

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழியில் பெரிய சூறாவளி அடித்தது. ஊரில் முழுதாக நின்ற சன்னல் குறைவு, எனக்கு உண்ண நேரமில்லாத வேலை. மாகிரட் வீட்டில் பாதி ஓடு பறந்திருந்தது. தெருப்பக்கத்துச் சன்னல் எல்லாம் நொறுங்கி மண்டபத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஷோகேசுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சன்னல் போட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு அவள் கண்ணாடியைக் காட்டினாள்.

வட்டம் இருந்தது. பழைய இடத்தில் இல்லை. கொஞ்சம் மேலே வந்திருந்தது.

"வளருறாள்," என்றாள் மாகிரட். துக்கத்தின் நடுவில் ஒரு தாயின் பெருமை அந்தக் குரலில் இருந்தது. அதைக் கேட்கத்தான் எனக்கு மயிர் கூச்செறிந்தது.

அதன்பிறகு அவள் காத்திருந்தாள். சந்தையில் காணும்போது ஆட்கள் இல்லாத பக்கம் இழுத்து, "தோளுக்கு வந்திட்டாள், நானா," என்பாள். மற்றத் தாய்மார் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதை சொல்வதுபோல் சொல்வாள். ஊர் அவளைப் பைத்தியம் என்றது. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எழுபத்தாறு அளவில் திரும்பவும் கூப்பிட்டாள். அவளுக்கு மயிர் நரைத்திருந்தது. உப்புவெளிக் கடற்கரையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் வந்து, பெட்டி குலையாத இந்தச் சாமான்களைக் கேட்டு மன்றாடினாராம். "சொந்தக்காரி இருக்கிறாள் எண்டு அனுப்பிப்போட்டன்," என்றாள். "அவள் வளந்திட்டாள், நானா. இனி இந்தக் கதவு வேண்டாம். கழட்டித் தாங்கோ. சொன்ன வாக்கைக் காப்பாத்தவேணும்."

பின்னேரம். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. அதே பூச்சி உருண்டை மணம். நான் ஷோகேசுக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு கண்ணாடிக் கதவையும் மாகிரட் அகலத் திறந்துவிட்டாள். பெட்டியிலிருந்து கப்பலை எடுத்து ஷோகேஸ் தட்டின் விளிம்பில் வைத்தாள். சிவப்பு வயிறு வாங்கிய அன்றுபோல் பளபளத்தது.

"எடு, மகள்," என்றாள். "வளந்திட்டாய். அம்மா தாறன். கையாலை எடு."

காத்திருந்தோம்.

கப்பல் அசையவில்லை.

"எடு, செலின்."

கதவின் பிணைச்சல் ஒன்று மெல்ல முனகியது.

வலப்பக்கக் கதவு தானாக அசைந்தது. காற்று இல்லை, திரைகூட ஆடவில்லை. தூசி உள்ளே போகக்கூடாது என்று படிப்பிக்கப்பட்ட ஒருவர் சாத்துவதுபோல், சத்தம் இல்லாமல், மெல்ல, ஆறுதலாக வந்து மூடியது. பிறகு இடப்பக்கக் கதவு.

மாகிரட் அழவில்லை. "இப்ப அவளுக்கு இருபது வயது, நானா," என்றாள். "கப்பல் விளையாட்டு வயதோ? தன்ரை பிள்ளைக்கு எண்டு பத்திரப்படுத்துறாள் போலை. நான் படிப்பிச்சது அதுதானே." அதற்குப் பிறகுதான் அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெற்றவள் ஒருத்தியிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவளைத் தாங்கிப் பிடிக்கத் திரும்பவேண்டும் என்று நினைத்தேன். திரும்ப முடியவில்லை.

என் முகத்துக்கு நேரே, எனக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒருத்தி நிற்பதுபோல், வட்டம் புகைக்கத் தொடங்கியிருந்தது.

சுருங்கியது. விரிந்தது.

சற்றுமுன் தானாகச் சாத்திய அந்தக் கதவுகளில், மேலிருந்து கீழ்வரை, விளக்கு ஏற்றிப் பிடித்துத் தேடிப் பார்த்தேன். ஒரு விரல் அடையாளம்கூட இல்லை.