திரையில் எழுந்த மலை

"சித்தி, இந்தக் கோடு எங்க ஓடுது?"

ஆய்வுக்கூடத்துக்கு ஒருமுறை வந்த அக்கா மகள் திரையைப் பார்த்து இப்படிக் கேட்டாள். அங்கே ஆராய்ச்சி செய்யும் சித்தி சிரித்து மழுப்பிவிட்டாள்.

கண்ணாடி ஜாடிக்குள் நூலில் தொங்கியது கடுகளவு விதைப் படிகம். அதைச் சுற்றி மெல்ல மெல்ல ஒரு பெரிய படிகம் வளர்ந்துகொண்டிருந்தது. கரைசல் நிதானமாகக் குளிர வேண்டும். சூடு தடுமாறினால் படிகம் விரிசல் விட்டுவிடும். ஏற்கெனவே இரண்டு உடைந்திருந்தன. இதுவும் போனால் அவள் ஆராய்ச்சியே போச்சு. ஜாடியிலிருந்த சென்சார் நொடிக்கு நொடி சொல்லும் சூட்டைத்தான் அந்தக் கோடு ஓயாமல் வரைந்துகொண்டிருந்தது.

அன்று வெளியே நல்ல மழை. தற்செயலாக நிமிர்ந்தவளுக்கு உயிரே போய்விட்டது. திரையின் அடியிலிருந்து உச்சிவரை... மலைபோல் எழுந்து நின்றது கோடு! பதறிப்போய், ஜாடியின் சூட்டைத் தாங்கிப் பிடித்திருந்த ஹீட்டரை அணைத்தாள்.

"ஐயையோ, கை வைக்காதீங்க!"

வாசலில் ஒருவன். தலையெல்லாம் மழைத்துளி. எல்லாத் திரைகளுக்கும் நிரல் எழுதிய பக்கத்து ஆய்வுக்கூடத்துக்காரன்.

"வச்சாச்சே! மலை மாதிரி ஏறுதுல்ல?"

"நேத்துதாங்க நிரலை மாத்தினேன். சூடு துளி அசைஞ்சாலும் திரை முழுக்க இழுத்துக் காட்டும். ஓரத்துல இருக்கிற நம்பரைப் பாருங்க... ஏறினது ஒரு டிகிரியில நூத்துல ஒரு பங்கு."

பார்த்தாள். முகம் வெளுத்தது. "புல்லை மலைன்னு காட்டச் சொல்லி யாருங்க கேட்டா?"

"புல்லைப் பார்த்து யாருங்க பயப்படச் சொன்னா?"

கோடு இப்போது நிஜமாகவே சரிந்துகொண்டிருந்தது. ஹீட்டரை மறுபடி போட்டுவிட்டு இருவரும் மூச்சடக்கி நின்றார்கள். சரிவு நின்றது... ஒருமுறை நடுங்கியது... பிறகு, தூங்கும் குழந்தையின் மூச்சுபோலச் சீரானது. படிகம் ஒரு விரிசலும் இல்லாமல் மின்னியது. எத்தனை கோடி அணுக்கள், யாரும் சொல்லித்தராமலே வரிசையில் வந்து அமர்கின்றன! படைத்தவனின் பொறுமையை நேரில் பார்ப்பதுபோல் அவளுக்குக் கண் கலங்கியது. திரும்பினாள். அவன் இமையிலும் ஈரம்... மழைதானா?

உள்ளே வந்த பேராசிரியை கோட்டின் பள்ளத்தைக் கண்டுவிட்டார். "ஹீட்டரை யார் நிறுத்தினது?"

"என் தப்புதான் மேடம். என் திரைதான் ஏமாத்திடுச்சு." அவன் முந்திக்கொண்டான். திட்டெல்லாம் அவனுக்கே விழுந்தது. அவள் வாயே திறக்கவில்லை.

அந்த மௌனம் அவளை அரித்தது. நன்றி சொன்னால் தோற்றதாகிவிடுமோ என்று ஒரு வீம்பு வேறு. எதிரே அவன் வந்தால் மொபைலைப் பார்த்தபடி நழுவினாள். ஒரு வாரம்தான் தாங்கியது. பேராசிரியையிடம் போய், "நிறுத்தினது நான்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு, நேரே அவனிடம் ஓடினாள். தோளில் பையோடு அவன் கிளம்பிக்கொண்டிருந்தான். ஊரில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை.

"மேடம்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன்."

"எதுக்குங்க? நான் வாங்கின திட்டு வீணாப் போச்சே!"

சிரிப்பு வந்தது அவளுக்கு. பிறகு குரல் தாழ்ந்தது. "இன்னொண்ணு... உங்களப் பார்த்தா எனக்குள்ளயும் துளி அசைவுகூட மலையாயிடுது..."

அவன் பையைத் தோளிலிருந்து இறக்கினான். "எனக்கு இழுத்துக் காட்டவே வேணாங்க. நிஜமாவே மலைதான்."

மறுநாள் காலை, யாரும் வருமுன் அவள் அவனுடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். அவசரத்தில் கிளம்பியவன் தன் சோதனையின் வெந்நீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்திருந்தான். நீர் வற்றி, அவன் திரையில் கோடு தடுமாறத் தொடங்கியிருந்தது. தொட்டியில் இருந்த அதே சூட்டில் வெந்நீர் எடுத்து, கோடு திடுக்கிடாதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அவன் திரும்பும்வரை தினமும் ஊற்றினாள். மேசையில் சிந்திய துளிகளை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.